படத்தில் இருந்தாலும் கொடி கொடிதான்

(ராதாபுரத்தில் ஆசிரியர்களும் பெற்றோரும் மேல்வகுப்பு மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஊரில் கொடியைப் பற்றிப் பேச வருகிறவன் முதலில் காற்றைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஆகஸ்ட் 15 ஆடி மாதத்தின் கடைசி நாள்களில் விழுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து நுழையும் காற்று அப்போது காவல்கிணறு, பணகுடி, வடக்கன்குளம், ராதாபுரம் என்று எல்லா ஊரையும் புரட்டி எடுத்துக்கொண்டிருக்கும். காற்றாலைக்காரர்கள் ஆண்டு முழுக்கக் காத்திருப்பது இந்தச் சில மாதங்களுக்காகத்தான். கொடியில் காயப்போட்ட சேலை பக்கத்துத் தெருவில் கிடக்கும். கண்ணில் மண் விழாமல் யாரும் சைக்கிள் மிதித்ததில்லை. அந்தக் காற்றுக்குள்தான் நம் பள்ளிக்கூடங்களில் கொடி ஏறுகிறது. மேலே முடிச்சு அவிழ்ந்ததும் துணி விரிகிற சத்தம் கடைசி வரிசைப் பிள்ளைக்கும் கேட்கும். உள்ளே வைத்துக் கட்டிய பூவிதழ்கள் கீழே நிற்கிறவர்கள் மேல் விழாது. மதில் தாண்டி ரோட்டில் போய் விழும்.

ஜனவரி 26 அப்படியில்லை. தை மாதக் காலையில் பல வருடம் இலைகூட அசையாது. கொடி ஈரத் துண்டு மாதிரி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கும். ஒரே கொடிக்கம்பம், ஒரே கயிறு, ஆனால் இரண்டு நாளும் இரண்டு விதமான கவலை.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் 33 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். பி.டி. சார் என்றால் விசில் ஊதுவது பாதி வேலை, கொடி கட்டுவது மீதி வேலை. முதல் நாள் சாயங்காலமே வாட்ச்மேன் அண்ணாச்சியும் நானும் கப்பியில் எண்ணெய் விட்டு, கொடியை நாலு தடவை ஏற்றி இறக்கிப் பார்ப்போம். "சார், ரொம்ப இறுக்கிராதீய. நாளைக்கு அவிழலைன்னா ஊரே அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கும்" என்பார் அவர். இறுக்கிக் கட்டினால் அவிழாது. தளர்த்திக் கட்டினால் பாதி வழியிலேயே காற்று பிரித்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு முடிச்சு இருக்கிறது. அதைக் கைதான் கற்றுக்கொள்ளும், வாயால் சொல்லித்தர முடியாது. அந்தக் காலத்தில் எங்கள் பயமெல்லாம் அந்த முடிச்சைப் பற்றித்தான்.

இப்போது பயம் இடம் மாறிவிட்டது. படம் நன்றாக வர வேண்டும், ஒன்பதரை மணிக்குள் வாட்ஸ்அப் குழுவில் ஏற வேண்டும். முடிச்சு அவிழாவிட்டாலும் சமாளித்துக்கொள்ளலாம், படம் இல்லாவிட்டால் விழாவே நடக்காத கணக்கு. 2022இல் வீடுதோறும் கொடி என்று நாடு முழுக்கச் சொன்னார்கள். ஆகஸ்ட் 13 முதல் 15 வரை வீட்டில் கொடி ஏற்றுங்கள், கொடியோடு படம் எடுத்து இணையத்தில் ஏற்றுங்கள் என்றார்கள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் படத்தின் ஆட்சி இன்னும் உறுதியாகிவிட்டது. படம் எடுப்பது தவறு என்று சொல்ல நான் வரவில்லை. என் வீட்டில் பழைய குரூப் போட்டோக்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றைவிட உயர்ந்த சொத்து எனக்கு இல்லை. படத்துக்காகக் கொடியை என்ன செய்கிறோம், பிள்ளைகளை என்ன செய்கிறோம் என்பதுதான் என் கவலை.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். விழா ஒழுங்காகத்தான் நடந்தது. தேசிய கீதம் முடிந்தது. உடனே, "எல்லாரும் இந்தப் பக்கம் திரும்புங்க" என்று ஒரு குரல். ஐந்நூறு பிள்ளைகள் கொடிக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். கொடி உயரத்தில் இருந்தது. பிள்ளைகளின் முகத்தைப் பிடித்தால் கொடி படத்துக்குள் வரவில்லை, கொடியைப் பிடித்தால் முகங்கள் எறும்பாகத் தெரிந்தன. "ஆபீஸ்ல இன்னொரு கொடி இருக்கு, எடுத்தாங்க" என்றார் ஒருவர். அதைக் கொண்டுவந்து முதல் வரிசைக்கு முன்னால் நாலு பிள்ளைகள் நாலு முனையைப் பிடித்து, போர்வை விரிப்பதுபோல விரித்தார்கள். காற்று தூக்கியது. சின்னப் பிள்ளை ஒன்றின் கை நழுவி ஒரு முனை மண்ணில் புரண்டது. அது பறந்துவிடக் கூடாதே என்று அந்தப் பிள்ளை அவசரமாக அதன் மேல் காலை வைத்து அமுக்கியது. படம் எடுத்தார்கள். பச்சை மேலே இருந்தது. அந்தப் படம் அன்று எத்தனை கைபேசிகளுக்குப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்கும் வந்தது.

அங்கே இருந்த யாருக்கும் கொடியை அவமதிக்கும் எண்ணம் துளியும் கிடையாது. காலை வைத்த பிள்ளை கொடியைக் காப்பாற்றத்தான் வைத்தது. அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் இன்றைக்கு இங்கே வந்திருக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். தேசிய கௌரவத்துக்கு இழைக்கும் அவமதிப்பைத் தடுக்கும் சட்டம் 1971இல் வந்தது. கொடியைப் பொது இடத்தில் எரிப்பது, சிதைப்பது, மிதிப்பது, இழிவுபடுத்துவது போன்றவற்றுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இதைப் பலரும் அறிவார்கள். அதே பிரிவின் கீழ் ஒரு விளக்கம் இருக்கிறது. அதைப் படித்தவர்கள் குறைவு. தேசியக் கொடி என்றால் துணி மட்டும் இல்லையாம். கொடியின் ஓவியம், வரைபடம், புகைப்படம், கண்ணுக்குத் தெரியும் வேறு எந்த உருவமும், அதன் ஒரு பகுதியும், எந்தப் பொருளின் மேல் இருந்தாலும் அது கொடிதான். அப்படியென்றால் நீங்கள் கைபேசியில் எடுக்கும் அந்தப் படமும் சட்டத்தின் கண்ணில் ஒரு கொடி. கம்பத்தில் பறக்கும் கொடியைச் சாயங்காலம் இறக்கி மடித்து வைத்துவிடலாம். படத்தில் ஏறிய கொடியை யார் இறக்குவது? அது தலைகீழாக இருந்தால் தலைகீழாகவே ஊர் சுற்றிக்கொண்டிருக்கும்.

இதைக் கேட்டு யாரும் பயந்துவிடக் கூடாது. 2013ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் ஒரு கிறிஸ்துமஸ் விழாவில் இந்திய வரைபடமும் மூவண்ணமும் அசோகச் சக்கரமும் வரைந்த பெரிய கேக்கை வெட்டினார்கள். குழந்தைகளும் பெரியவர்களுமாகப் பெருங்கூட்டம் இருந்தது. கொடியை வெட்டிவிட்டார்கள் என்று வழக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 மார்ச்சில் அந்த வழக்கை ரத்து செய்தார். அவமதிக்கும் நோக்கம் இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். சுதந்திர தினத்தில் கையில் காகிதக் கொடி வைத்திருந்தவர்கள் எல்லோரும் விழா முடிந்ததும் அதை என்ன செய்கிறார்கள், அதற்காக அவர்களைக் குற்றவாளி என்போமா என்றும் அவர் கேட்டார். நாட்டுப்பற்றைக் காவல் நிலையத்தில் வைத்து அளக்க முடியாது என்பதை நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே பிள்ளைகளிடம் "ஜெயில்ல போட்டுருவாங்க" என்று கொடியைக் காட்டி மிரட்டாதீர்கள். கொடியைக் கண்டு பயந்த பிள்ளை அதைத் தொடாது. தொடாத பிள்ளைக்கு முடிச்சு போடத் தெரியாது.

கொடியை ஏற்றுவது குடிமகனின் உரிமை என்பதும் எளிதாக வந்ததில்லை. நம் காலத்தில் சிறுவர்களாக இருந்தவர்களுக்கு நினைவிருக்கும்: தனி வீட்டில் வருடம் முழுக்கக் கொடி ஏற்ற முடியாது, குறிப்பிட்ட சில நாள்களில்தான். நவீன் ஜிந்தால் தன் தொழிற்சாலையில் கொடியேற்றியதை அதிகாரிகள் தடுத்தார்கள். அவர் நீதிமன்றம் போனார். 2002 ஜனவரி 26 முதல் புதிய கொடி விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மரியாதையோடு கொடியேற்றுவது பேச்சுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. மரியாதையோடு என்ற சொல்தான் உரிமையையும் கடமையையும் ஒன்றாகக் கட்டுகிற கயிறு.

அந்த 2002 விதித்தொகுப்பில் பள்ளிக்கூடங்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. எத்தனை பள்ளியில் அதை வாசித்திருக்கிறார்கள் என்று கை தூக்கச் சொல்லிச் சங்கடப்படுத்த மாட்டேன். அதில் இருப்பது ஒரு மைதானத்தின் வரைபடம். பிள்ளைகள் சதுரத்தின் மூன்று பக்கங்களில் நிற்க வேண்டும். நாலாவது பக்கத்தின் நடுவில் கொடிக்கம்பம். கம்பத்துக்கு மூன்று எட்டு பின்னால் தலைமையாசிரியரும் மாணவர் தலைவரும், கொடியேற்றுகிறவர் வேறொருவர் என்றால் அவரும். வகுப்பு வகுப்பாக, பத்துப் பத்துப் பேராக வரிசை. பெரிய வகுப்பு வலது ஓரத்தில் தொடங்கும். வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே குறைந்தது ஓர் எட்டு, அதாவது 30 அங்குலம். வகுப்பாசிரியர் தன் வகுப்பின் கடைசி வரிசைக்கு மூன்று எட்டு பின்னால். வகுப்புத் தலைவர்கள் மாணவர் தலைவரிடம் வணக்கம் சொல்ல, அவர் தலைமையாசிரியரிடம் போய் வணக்கம் சொல்ல, அதற்குப் பிறகு கொடி. கொடி விரிந்ததும் எல்லோரும் வணக்கம் செலுத்தி, பிறகு தேசிய கீதம், உறுதிமொழி உண்டென்றால் அதற்கும் பின்னால்.

இந்த ஏற்பாட்டை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். மூன்று பக்கப் பிள்ளைகளின் பார்வையும் வந்து சேர்கிற இடம் கொடி. இடப்பக்கம் நிற்கிற ஆறாம் வகுப்புப் பிள்ளை கொடியைப் பார்க்கும்போது, அதற்கு அப்பால் எதிர்வரிசையில் நிற்கிற பத்தாம் வகுப்பு அண்ணன்மார்களையும் பார்க்கும். கொடியைப் பார்க்கிற பார்வையிலேயே பள்ளிக்கூடம் தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறது. இதை யோசித்து எழுதியவர் யாரோ, அவர் பிள்ளைகளை அறிந்தவர். படத்துக்காக எல்லோரையும் ஒரே பக்கம் திருப்பும்போது நாம் உடைப்பது இந்த ஏற்பாட்டைத்தான்.

அப்படியானால் படம் எடுக்கிறவர் எங்கே நிற்பது? இதை நான் பல வருடம் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன். நாலாவது பக்கத்தின் மூலையில், கம்பத்திலிருந்து பத்துப் பதினைந்து எட்டு தள்ளி, தரையில் ஒரு முழங்கால் ஊன்றி உட்காருங்கள். கைபேசியை நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். படத்தின் ஓரத்தில் கம்பம் மேலே போகும், கீழே எதிர்ப்பக்கப் பிள்ளைகளின் முகங்கள் அண்ணாந்தபடி வரும். காலை எட்டரைக்குச் சூரியன் கிழக்கே சாய்வாக இருக்கும். அது உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி இரண்டு மூலைகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். நம் ஊர்க் காற்றில் கொடி கிழக்கு முகமாக விரியும், ஆகஸ்டில் அதில் சந்தேகமே வேண்டாம். வாயைத் திறந்துகொண்டு அண்ணாந்து பார்க்கிற அந்த முகங்களைவிட நல்ல படம் உலகத்தில் இல்லை. "சிரி, சிரி" என்று கேமராவைப் பார்க்கச் சொல்லி எடுத்த எந்தப் படத்திலும் அந்த முகம் கிடைக்காது. குரூப் போட்டோ தனியாக வேண்டுமா, இருக்கவே இருக்கிறது வேப்பமரத்தடி. கொடி வணக்கம் முடிந்து, அணி கலைந்து, மிட்டாய் கொடுத்த பிறகு பெஞ்சு போட்டு எடுங்கள். கொடியைத் திரைச்சீலையாக்க வேண்டாம்.

சின்னச் சின்னத் தவறுகள் இன்னும் சில. சுவரில் கொடியை நெடுக்காகத் தொங்கவிட்டால், பார்க்கிறவர்களுக்கு இடப்பக்கம் காவி வர வேண்டும். தொங்கவிடும்போது சரியாகத்தான் விடுகிறோம். பிறகு செல்ஃபி எடுக்கிறோம். சில கைபேசிகளில் முன்பக்கக் கேமரா கண்ணாடி மாதிரி இடம் வலம் மாற்றிச் சேமிக்கும். படத்தில் காவி வலப்பக்கம் போய்விடும். பின்னால் இருக்கிற பள்ளிப் பெயர்ப்பலகை எழுத்து திரும்பியிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அனுப்புவதற்கு முன் அந்த ஒரு நொடி போதும். மேடையில் கம்பத்தில் கொடி வைத்தால், கூட்டத்தைப் பார்த்து நிற்கும் பேச்சாளருக்கு வலப்பக்கம்.

எழுத்து விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. கொடியின் மேல் எந்த எழுத்தும் இருக்கக் கூடாது என்பது தெளிவான விதி. நம் வாழ்த்துப் படங்களில் வெள்ளைப் பட்டையைக் காலி இடம் என்று நினைத்து, அதில் பள்ளியின் பெயர், தாளாளர் படம், கைபேசி எண், சேர்க்கை நடைபெறுகிறது என்ற அறிவிப்பு வரை அச்சடிக்கிறார்கள். படமும் கொடிதான் என்று இப்போதுதானே பார்த்தோம். வாழ்த்தைக் கொடிக்குக் கீழே எழுத இடமா இல்லை?

உடை பற்றி ஒரு சொல். பிள்ளைக்கு ஆசையாக மூவண்ணத்தில் பாவாடை தைத்துப் போட்டு அனுப்புகிற தாய்மார்கள் கவனிக்க வேண்டியது: 2005இல் வந்த திருத்தத்தின்படி இடுப்புக்குக் கீழே அணியும் உடையில் கொடி இருக்கக் கூடாது. கைக்குட்டை, தலையணை உறை இவற்றிலும் கூடாது. நெஞ்சில் குத்திக்கொள்ளும் சின்னக் கொடி போதும், அழகாகவே இருக்கும்.

மாறுவேடப் போட்டியில் வருடா வருடம் ஒரு பிள்ளை திருப்பூர் குமரனாக வரும். கையில் அசோகச் சக்கரம் போட்ட கொடி. குமரன் அடிபட்டது 1932 ஜனவரி 10, மறுநாள் உயிர் பிரிந்தது. அவர் கையில் இருந்தது காங்கிரஸ் 1931இல் ஏற்றுக்கொண்ட கொடி, நடுவில் கைராட்டை. அசோகச் சக்கரம் அரசியல் நிர்ணய சபையில் 1947 ஜூலை 22ஆம் தேதிதான் வந்தது. பாரதி கொடியைப் பாடினானே, அது இந்த இரண்டுமே இல்லை. வந்தே மாதரம் என்று எழுதிய இன்னும் பழைய கொடி. பாரதி நம் நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்தவன். 1921இல் பிங்கலி வெங்கய்யா பெஜவாடாவில் காந்தியிடம் தன் கொடி வடிவத்தைக் கொடுத்த அதே ஆண்டில் இறந்துபோனான். பிள்ளைகளை இந்த மூன்று கொடிகளையும் வரைய வைத்துப் பாருங்கள். ஒரு வரலாற்றுப் பாடம் அதிலேயே முடிந்துவிடும். கணக்கு ஆசிரியர்களும் வரலாம்: நீளம் அகலம் 3க்கு 2, சக்கரத்தில் 24 ஆரம், ஆரத்துக்கு ஆரம் 15 பாகை. கடையில் வாங்கும் கொடியை ஸ்கேல் வைத்து அளந்தால் எத்தனை கொடி தேறும் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். இந்தியத் தரங்களுக்கு எண் போட ஆரம்பித்தபோது முதல் எண்ணைக் கொடிக்குத்தான் கொடுத்தார்கள், 1951இல்.

கொடியும் படமும் சேர்ந்த கதை உலகம் முழுக்க உண்டு. 1969இல் நிலவில் அமெரிக்கக் கொடி நட்டபோது அங்கே காற்றில்லை என்பதால், கொடி தொங்கிவிடாமல் இருக்க மேல் விளிம்பில் ஒரு குறுக்குக் கம்பி செருகினார்கள். காற்று அதிகமாகி நாம் படுகிற பாட்டைக் காற்றே இல்லாமல் அவர்கள் பட்டார்கள். நம் கொடி நிலவுக்குப் போனது 2008 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தில். சந்திரயானிலிருந்து இறங்கி மோதிய கலத்தின் பக்கங்களில் மூவண்ணம் தீட்டியிருந்தார்கள். அதைச் சுமந்துபோன ராக்கெட்டின் திரவ எஞ்சின் வகையைச் சோதிக்கிற இடம் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், மகேந்திரகிரியில் இருக்கிறது. நிலவில் மோதிய அந்தக் கொடியைப் படமெடுக்க அங்கே யாரும் நின்றிருக்கவில்லை.

அமெரிக்கப் பள்ளிகளின் பழைய படங்கள் சிலவற்றைப் பார்த்தால் திடுக்கிடும். பிள்ளைகள் வலக்கையை முன்னால் நீட்டிக் கொடிக்கு வணக்கம் வைப்பார்கள். 1892இல் பிரான்சிஸ் பெல்லமி எழுதிய உறுதிமொழியோடு சேர்ந்து வந்த வணக்கம் அது. பிறகு ஐரோப்பாவில் நாஜிகள் அதேபோலக் கையை நீட்டினார்கள். 1942 டிசம்பரில் அமெரிக்கா அந்த வணக்கத்தை மாற்றி, நெஞ்சில் கை வைக்கச் சொன்னது. அந்தப் பிள்ளைகள் செய்ததில் பிழை இல்லை. ஆனாலும் அந்தப் படங்கள் இன்று வேறு பொருள் சொல்கின்றன. அடுத்த ஆண்டே அங்கே உச்ச நீதிமன்றம், கொடிக்கு வணக்கம் வைக்கச் சொல்லி எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. நம் பக்கத்தில் கேரளத்தில் 1985இல் மூன்று பிள்ளைகள், தங்கள் சமய நம்பிக்கையால் தேசிய கீதம் பாடாமல், ஆனால் மரியாதையோடு எழுந்து நின்றார்கள். பள்ளியை விட்டு நீக்கினார்கள். 1986இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். ஆகவே படத்தில் ஒரு பிள்ளை கை தூக்காமல் நிற்பதைப் பெரிதாக்கி ஊர் முழுக்க அனுப்புகிறவர்கள் அந்தத் தீர்ப்பையும் படிக்க வேண்டும்.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். படத்தில் கொடியைப் பார்த்தது போதும், கைகளைப் பாருங்கள்.

2023 ஆகஸ்ட் 9 இரவு. சுதந்திர தினத்துக்கு ஆறு நாள். நம் பக்கத்து நாங்குநேரியில் ஒரு மாணவனை, அவனோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. காரணம் சாதி. இந்த அரங்கில் இருப்பவர்கள் யாரும் அந்த வாரத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த 15ஆம் தேதியும் எல்லாப் பள்ளியிலும் கொடி ஏறியது, எல்லாப் பள்ளியிலும் படம் எடுத்தார்கள். அதற்கு முந்தைய வருடப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நெற்றியில் வைத்த கைகளின் மணிக்கட்டில் சாதிக் கயிறு. ஒரு வரிசையில் இந்த இரண்டு நிறம், இன்னொரு வரிசையில் அந்த இரண்டு நிறம். நானே வருடக்கணக்கில் அந்தக் கைகளை நிமிர்த்தி, விரல்களைச் சேர்த்து, முழங்கையை உயர்த்தி வணக்கம் வைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கயிற்றைப் பார்த்தும் இருக்கிறேன். கோயில் கயிறு என்று சொன்னதை நம்பியும் இருக்கிறேன், நம்பாமல் பேசாமல் இருந்தும் இருக்கிறேன். அது எனக்கு ஆறாத வருத்தம்.

அந்தக் கயிறும் ஒரு கொடிதான். மணிக்கட்டில் பறக்கிற கொடி. கம்பத்தில் இருக்கிற கொடியைக் காட்டிலும் அதற்கு அந்தப் பிள்ளை அதிகம் கட்டுப்படுகிறது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் இவை பள்ளிக்குள் வேண்டாம் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். அடுத்த ஆகஸ்ட் 15க்கு முந்தின நாள், ஒத்திகை முடிந்ததும், வகுப்பாசிரியர் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாக, சத்தம் போடாமல், "நாளைக்கு வெறுங்கையோட வா, மக்கா" என்று சொல்லட்டும். சட்டத்தை எடுத்தால் அவன் கயிற்றைச் சட்டைக் கைக்குள் ஒளிப்பான். நீங்கள் கேட்டால், அவிழ்க்கக்கூடும்.

கொடிக்கயிற்றை இழுக்கிற கை யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். 2020இல் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், பட்டியல் வகுப்பைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரான ஒரு பெண்மணி சுதந்திர தினத்தன்று கொடியேற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். சில நாள் கழித்து மாவட்ட ஆட்சியர் உடனிருக்க ஏற்றினார். 2022 ஆகஸ்டில், சாதியின் பெயரால் எந்த ஊராட்சித் தலைவரும் கொடியேற்றுவதிலிருந்து தடுக்கப்படக் கூடாது என்று தலைமைச் செயலாளர் எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது. சுதந்திரம் வந்து 75 வருடம் கழித்து அந்தக் கடிதம் தேவைப்பட்டது. உங்கள் பள்ளியின் பத்து வருடப் படங்களை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் யார் யார்? முதல் வரிசைப் பெஞ்சில் யார், கடைசியில் முகம் பாதி தெரிய நிற்கிறவர் யார்? கழிப்பறை கழுவுகிற அம்மாவும் சத்துணவு ஆயாவும் ஒரு படத்திலாவது இருக்கிறார்களா? முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், சத்துணவு ஆயா ஓய்வு பெறும் வருடம் அவர் கையில் கயிற்றைக் கொடுத்தோம். "எனக்குத் தெரியாதே சார்" என்று தயங்கினார். "கிணத்துல தண்ணி இறைச்சிருக்கீயள்லா, அதே மாதிரி இழுங்க" என்றேன். ஒரே இழுப்பு. அவ்வளவு சுத்தமாக அந்தப் பள்ளியில் கொடி விரிந்ததை நான் பார்த்ததில்லை.

படத்தை எங்கே அனுப்புகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். பிள்ளைகளின் முகம் அவர்கள் பெற்றோருக்குச் சொந்தம். வகுப்புக் குழுவோடு நிற்கட்டும். பொது இடத்தில் ஏற்றுவதற்கு முன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

படம் எடுத்து முடித்த பிறகு கொடி என்ன ஆகிறது? பாலியஸ்டர் துணியிலும் கொடி செய்யலாம் என்று 2021 டிசம்பரிலும், வீட்டிலும் திறந்த வெளியிலும் இரவும் பகலும் பறக்கலாம் என்று 2022 ஜூலையிலும் விதி மாறியது. நல்லதுதான். ஆனால் ராதாபுரத்தில் ஆடிக் காற்றில் நாலு இரவு கொடியை விட்டுவைத்தால் பறக்கிற ஓரம் நூல் நூலாகப் பிரிந்துவிடும். கடலோரத்தில் கூடங்குளம், உவரிப் பக்கம் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். கிழிந்த கொடி, வெளுத்த கொடி பறக்கக் கூடாது. ஆகவே நம் ஊருக்கு என் யோசனை, அனுமதி இருந்தாலும் சூரியன் சாயும்போது இறக்கிவிடுங்கள். ஏற்றும்போது விறுவிறு என்று ஏற்ற வேண்டும், இறக்கும்போது மெதுவாக. தரையில் படாமல் ஒருவர் ஏந்திக்கொள்ள வேண்டும். காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, பிறகு இரண்டு பக்கத்திலிருந்தும் உள்ளே மடித்தால் சக்கரம் மேலே தெரியும். உள்ளங்கையில் ஏந்திக் கொண்டுபோய்ப் பெட்டியில் வையுங்கள். ஸ்டாக் ரூமில் சுண்ணாம்பு வாளிக்குப் பக்கத்தில் சுருட்டி வைக்காதீர்கள்.

கிழிந்த கொடியைக் குப்பையில் போடக் கூடாது, துடைக்கும் துணியாக்கக் கூடாது. தனியிடத்தில் முழுதாக, மரியாதையோடு, எரித்துவிடுவது நல்லது என்பது விதி. வாட்ச்மேன் அண்ணாச்சியும் நானும் அப்படி இரண்டு கொடிகளை எரித்திருக்கிறோம். பள்ளிக்குப் பின்னால், உடைமரத்துக்கு அந்தப் பக்கம், காற்று அடங்கிய ஒரு சாயங்காலம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். சாம்பல் ஆறும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு மரத்தடியில் குழி தோண்டி மூடினோம்.

நேரமாகிவிட்டது. வெளியே காற்று எழுந்திருக்கிறது, ஜன்னல் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்கிறது. முற்றத்துக் கம்பத்தில் கயிறு கட்டி வைக்கச் சொல்லியிருந்தேன். பழகுவதற்கு ஒரு வெள்ளைத் துணி கொண்டுவந்திருக்கிறேன். முதலில் அதில் முடிச்சு போட்டுப் பார்ப்போம். ஆறாம் வகுப்பில் யார் இருக்கிறீர்கள்? நீ வா. உன் பக்கத்தில் இருக்கிறவனையும் கூட்டிக்கொண்டு வா. கைபேசியெல்லாம் மேஜைமேல் இருக்கட்டும், இரண்டு கையும் வேண்டும்.